எண் இருந்த இடத்தில் இரண்டு கோடு

எங்கள் சாச்சா இடது கையில் கட்டியிருக்கும் கருவியை உம்மா மணிக்கூடு என்றுதான் சொல்வார். நேரமும் காட்டுவதால் அது முழுப் பிழையும் இல்லை. ஆனால் அது சுழியோடிகள் கட்டுகிற கணினி. இப்போது எத்தனை மீற்றர் ஆழத்தில் இருக்கிறோம், கீழே போய் எத்தனை நிமிடம், மேலே வரும் வேகம் கூடிவிட்டதா என்பதையெல்லாம் அது தானாகவே அளந்து சொல்லும். ஒன்றை மட்டும் அதனால் தானாக அறிய முடியாது. முதுகிலுள்ள சிலிண்டரில் இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் என்பதுதான் அது. அதற்காக, சிலிண்டரின் வாயில் பூட்டும் ரெகுலேட்டரில் பெருவிரல் பருமனில் கறுப்பாக ஒரு ட்ரான்ஸ்மிட்டர் திருகப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் அமுக்கத்தை அது அளந்து, ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒரு தடவை, கம்பி எதுவும் இல்லாமல் கைக்கு அனுப்பும். கையில் 200 என்று தெரிந்தால் சிலிண்டர் நிறைந்திருக்கிறது. 50 என்று தெரியும்போது ஆள் கடலுக்கு மேலே வந்திருக்க வேண்டும்.

கடந்த ஏப்ரல் விடுமுறையில், புங்குடுதீவுக் கடலில் 7 மீற்றர் ஆழத்தில் சாச்சா இருந்தபோது, அந்த எண் காணாமல் போனது. எண் இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள் மட்டும் நின்றன.

எங்கள் வாப்பா யாழ்ப்பாணத்தில் ரேடியோ, மணிக்கூடு, கைபேசி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறார். 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத் தெருவிலிருந்து எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. புத்தளத்து அகதிமுகாமில் உடைந்த ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துத்தான் இந்தத் தொழிலைப் படித்தார். சாச்சா முகாமிலேயே பிறந்தவர். கிண்ணியாவில் கலியாணம் முடித்து, நிலாவெளிப் பக்கம் வரும் வெளிநாட்டுப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலை செய்கிறார். கிழக்குக் கடல் குழம்பிக் கிடக்கும் மாதங்களில் அந்த வேலை இல்லை. அப்போது சிலிண்டர்களோடு எங்கள் பக்கம் வந்து, அறுந்து விழுந்த நங்கூரம், கடலடியில் சிக்கிய வலை என்று எது கிடைத்தாலும் எடுத்துக் கொடுப்பார். கணினியும் ட்ரான்ஸ்மிட்டரும் ஊருக்குத் திரும்பிய ஒரு பயணி பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. அதை அவர் கழற்றி நான் கண்டதில்லை.

இந்தத் தடவை விழுந்தது ஒரு எஞ்சின். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிடிமானம் இளகி, 15 குதிரைவலு எஞ்சின் படகின் பின்பக்கத்தைவிட்டுக் கழன்று கடலுக்குள் போய்விட்டது. உடையவர் மடத்துவெளியைச் சேர்ந்த ஐயா ஒருவர். எஞ்சின் கடனுக்கு வாங்கியது. கட்டி முடிய இன்னும் ஒன்றரை வருடம். வாப்பாவை அவருக்கு முன்பே தெரியும். "ரேடியோ நானா, உங்கட தம்பி தாழுற ஆள் எல்லோ, கொஞ்சம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று இரவே போன் எடுத்திருந்தார்.

காலையில் ஒரு பட்டாவில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை என்று போனோம். நானும் கூடப்போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று உம்மா கேட்டார். பௌதிகவியல் என்றேன். வேலணையைத் தாண்டி வாணர் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. இந்தப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது. பாக்கு விரிகுடாவின் பெரும்பாகம் 15 மீற்றருக்குள் அடங்கிவிடும். 7 மீற்றர் என்றால் சாச்சாவுக்குக் குளம் மாதிரி.

ஆனால் குறிகட்டுவானில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற படகுகள் ஓயாமல் கலக்கிக்கொண்டிருப்பதால் தண்ணீர் தெளிவாக இல்லை. சாச்சா இறங்கி ஆறாவது நிமிடம் மேலே வந்தார். எஞ்சின் அகப்படவில்லை. "நானா, எண் போயிற்று" என்று படகிலிருந்த வாப்பாவிடம் கையைக் காட்டினார். காட்டும்போது எண் திரும்பி வந்திருந்தது: 170. இனிப் பிரச்சினை இல்லை, இன்னொரு தடவை போகிறேன் என்றார். வாப்பா மறுத்துவிட்டார். பழுதாகிப் பிறகு தானாகவே சரியாகிவிடும் சாமான்தான் கடையில் அவருக்குப் பிடிக்காத சாமான்.

தோழியரே, இதில் என்ன பெரிய ஆபத்து என்று நினைக்கலாம். நானும் சாச்சாவிடம் அதைத்தான் கேட்டேன். காற்று முடியப்போவதை ரெகுலேட்டர் முன்கூட்டிச் சொல்லாது. கடைசிச் சில மூச்சுகளில்தான் இழுக்கக் கடினமாக இருக்கும். அப்போது ஆள் பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார். 7 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பைப்போல 1.7 மடங்கு. போயிலின் விதியைப் போட்டுப் பாருங்கள்: அங்கே நிரப்பிய 6 லீற்றர் நுரையீரல் காற்று மேலே வரும்போது 10 லீற்றராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதற்கு இடம் கொடாது, கிழியும். இன்னும் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக வந்தால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். சாச்சியின் ஊரில் அப்படி மேலே வந்த ஒருவர் இன்றைக்கும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். ஆகவே அந்த எண் ஒரு அலங்காரம் இல்லை.

அதோடு இன்னொன்றும் அன்றுதான் தெரிய வந்தது. வழக்கமாகச் சுழியோடிகள் ரப்பர்க் குழாயில் தொங்கும் ப்ரஷர் கேஜ் ஒன்றும் வைத்திருப்பார்கள். முள்ளும் வட்டமும் உள்ளது. பற்றரி வேண்டாம், சைகையும் வேண்டாம். கயிறுகளில் சிக்குகிறது என்று சாச்சா அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வாப்பா இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருப்பது ஏச்சைவிடக் கூடுதலானது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இறங்குதுறைப் படிக்குப் பக்கத்திலிருந்த வாடியின் நிழலில் எல்லாவற்றையும் பரப்பினோம். வாப்பா என் கொப்பியை வாங்கி நடுவில் கோடு கீறினார். ஒரு பக்கம் செய்தது, மறுபக்கம் நடந்தது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்றார். ஆய்வுகூடத்தில் எங்கள் டீச்சர் சொல்வதும் இதுதான். ஆனால் அங்கே சொல்லும்போது அது புள்ளிக்கான வரியாக இருந்தது.

முதல் சந்தேகம் பற்றரி. இந்தத் தொல்லை வந்த எவரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ட்ரான்ஸ்மிட்டருக்குள் 3 வோல்ற் லிதியம் பற்றரி ஒன்று. மல்டிமீற்றரை வைத்தபோது 3 வோல்ற்றுக்குச் சற்று மேலேயே காட்டியது. நல்ல பற்றரிதானே என்றேன். வாப்பா சிரித்தார். லிதியம் பற்றரி சாகும்வரை வோல்ற்றளவைக் குறைத்துக் காட்டாது. சும்மா அளந்தால் ஏமாற்றும். சிறிய தடையி ஒன்றை இணைத்து, மின்னோட்டத்தை இழுக்கவிட்டு அளந்தார். 2.8 இல் நின்றது. வேலை செய்யும்போதும் தாங்குகிறது, ஆகவே குற்றவாளி அது இல்லை. ஓ-வளையத்தைத் துடைத்து, பூசி, மூடினோம். உப்புநீர் புகுந்த பச்சை நிறமும் இல்லை.

அடுத்தது, கையிலுள்ள கணினிக்குத் தன் ட்ரான்ஸ்மிட்டரை அடையாளம் தெரிகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிலக்கம் இருக்கிறது. அதைக் கணினியில் பதிந்திருக்க வேண்டும். அது மாறியிருந்தால் எண் ஒருபோதும் வந்திராது. இங்கே வந்து பிறகு போனது. அதையும் விட்டோம். சிலிண்டர் வாயைத் திறக்காவிட்டால் ட்ரான்ஸ்மிட்டர் உறங்கும் என்பதால், ஒவ்வொரு சோதனைக்கும் சாச்சா திறந்து திறந்து மூடினார். அப்போது வாப்பா, ட்ரான்ஸ்மிட்டரைக் கைப்பிடி என்று நினைத்து எவராவது சிலிண்டரைத் தூக்கியிருக்கிறார்களா என்று கேட்டார். அது பார்க்கக் கைப்பிடிபோலவே இருக்கிறது. உடைந்த ட்ரான்ஸ்மிட்டர்களில் பல அப்படித்தான் உடைந்தவை என்று சாச்சாவும் சொன்னார். ஆனால் இதில் வெடிப்பு இல்லை.

கரையில் எல்லாம் சரி. இதுதான் இந்தப் பழுதின் தந்திரம். காற்றில் நடக்கும் சோதனை கடலுக்குச் செல்லாது.

ஏன் என்பதை எழுதாமல் நகர எனக்கு மனமில்லை. கடல்நீர் மின்னைக் கடத்தும். மின்னைக் கடத்துகிற எதுவும் வானொலி அலையை விழுங்கும். எவ்வளவு விரைவாக விழுங்கும் என்பது மீடிறனில் தங்கியிருக்கிறது. நீரின் தடைத்திறனை மீடிறனால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503 ஆல் பெருக்கினால், எத்தனை மீற்றரில் அலை ஏறத்தாழ மூன்றிலொன்றாகத் தேயும் என்பது வரும். கடல்நீரின் தடைத்திறன் ஏறக்குறைய 0.25 ஓம் மீற்றர். இத்தகைய ட்ரான்ஸ்மிட்டர்களில் பல 38 கிலோஹேட்ஸ் அளவில் பேசுபவை. கணக்குப் போட்டால் 1.3 மீற்றர். முதுகிலிருந்து கைக்கு உள்ள தூரம்தான்! நாம் பாட்டுக் கேட்கப் பாவிக்கும் புளூடூத் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு கூடிய மீடிறன். அது கடல்நீருக்குள் ஓரிரு சென்ரிமீற்றரிலேயே தேய்ந்துவிடும். இதனால்தான் கைபேசிக் காலத்தில் செய்த கருவிகூட, இவ்வளவு தாழ்ந்த மீடிறனுக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது.

நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் இதே சிக்கல்தான். அவற்றோடு பேச இந்தியக் கடற்படை, திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' என்ற நிலையத்தை 1990 இல் தொடங்கியது. மிகத் தாழ்ந்த மீடிறன், மிக உயர்ந்த கோபுரங்கள். அத்தனை பெரிய நிலையத்தின் செய்தியும் கடலுக்குள் சில மீற்றர்கள்தான் இறங்கும். கட்டபொம்மன் கோபுரம் கட்டிச் செய்ததைச் சாச்சாவின் பெருவிரல் அளவுக் கருவி ஒரு முழத் தூரத்துக்குச் செய்கிறது என்று நான் சொன்னபோது, "அப்ப என்ட கருவியும் கடற்படைதான்" என்றார் சாச்சா.

வானொலியை விட்டுவிட்டு ஒலியையே பாவித்தால் என்ன என்று சிலர் யோசித்திருக்கிறார்கள். கார்மின் நிறுவனம் 2020 இல் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஓங்கில்கள் பேசுகிற வழி. நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகும், உப்பைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. விலையைப் பற்றி எங்களுக்குக் கவலை இருந்ததால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நீருக்குள் சோதிக்கச் சாச்சா இடுப்பளவு ஆழத்தில் சிலிண்டரோடு முழங்காலில் இருந்தார். தலை மட்டும் வெளியே. நான் படியில் இருந்து, அவர் கையை எங்கே வைக்கிறார் என்பதையும் எண் இருக்கிறதா இல்லையா என்பதையும் எழுதினேன். கை மார்புக்கு நேரே: இருக்கிறது. தொடையில்: இருக்கிறது. முன்னே நீட்டி: இருக்கிறது. கையை முழுவதும் நீட்டி உடம்பையும் முறுக்கியபோது ஒரு தடவை தப்பியது, மடக்கியதும் வந்தது. இதற்கும் காரணம் உண்டு. அனுப்புகிற சுருளும் வாங்குகிற சுருளும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் நன்றாகக் கேட்கும். செங்குத்தாகத் திரும்பினால் கேளாது. பழைய ரேடியோவைத் திருப்பித் திருப்பி நிலையம் பிடிப்பது இதனால்தான் என்றார் வாப்பா. ஆனால் காலையில் கீழே போன எண் ஒரு கணம் தப்பிய எண் அல்ல. இரண்டு நிமிடம் வரவேயில்லை.

லுஹர் நேரமாகிவிட்டது. ஐயா வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்து வாடியில் விரித்துத் தந்தார். வுழூச் செய்ய ஒரு வாளித் தண்ணீரும் வந்தது. புங்குடுதீவில் நல்ல தண்ணீர் எப்படிப்பட்ட சாமான் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். கிணறுகள் பெரும்பாலும் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில் வருகிறது. வாப்பா வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடல்நீரிலேயே வுழூச் செய்தார். நாங்களும் அப்படியே செய்தோம்.

தொழுதுவிட்டு இருந்தபோது சாச்சாவிடம், கீழே இறங்கியதிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். கயிற்றைப் பிடித்து இறங்கினார். தரை தெரிந்தது. கலங்கலாக இருந்தது. டோர்ச்சை அடித்து வட்டமாகத் தேடினார். 180 என்பது நெடுநேரம் 180 ஆகவே நின்றது. பிறகு கோடு. மேலே வந்ததும் டோர்ச்சை அணைத்து...

"டோர்ச் எந்தக் கையில சாச்சா?"

"இதே கையிலதான் புள்ள. வலது கை வேலைக்கு வேணுமே."

டோர்ச் புதியது. மணிக்கட்டில் பட்டியால் கட்டுவது, கணினிக்கு நான்கு விரல் தள்ளி. காலையிலிருந்து நாங்கள் செய்த சோதனை எதிலும் அது எரியவில்லை. பட்டப்பகலில் யார் டோர்ச்சை எரிப்பார்கள்? கொப்பியில் அதற்கென்று ஒரு நிரல்கூட இருக்கவில்லை. ஒன்று கீறினேன்.

இடது கையில் டோர்ச்சை எரித்தபடி சாச்சா திரும்பவும் தண்ணீரில் இறங்கினார். 160 என்ற எண் ஏறக்குறைய அரை நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு கோடு. அணைத்தார்: எண் வந்தது. எரித்தார்: போனது. டோர்ச்சை வலது கைக்கு மாற்றி நீட்டிப் பிடித்தார்: எரிந்துகொண்டிருக்க எண் வந்தது. ஐந்து தடவை மாற்றி மாற்றிச் செய்தோம். ஐந்தும் ஒன்று. கரைக்கு ஏறி, காற்றில் அதையே செய்தபோது எண் வந்து வந்து போனது. நீரில் சைகையின் ஒரு பகுதி விழுங்கப்படுவதால் அங்கே முழுத்தோல்வி, இங்கே அரைத்தோல்வி.

வெளிச்சத்துக்கும் வானொலிக்கும் என்ன தொடர்பு என்று ஐயா கேட்டார். வாப்பா பதில் சொல்லாமல் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்த ரேடியோவை இரவல் வாங்கி வந்தார். மத்திய அலையில், நிலையம் ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்தார். மழை பெய்வதுபோல மெல்லிய இரைச்சல். டோர்ச்சை எரித்துக் கிட்டக் கொண்டுபோனதும் ரேடியோ வண்டுபோல உறுமத் தொடங்கியது. டோர்ச்சுக்குள் பற்றரியின் மின்னை எல்ஈடிக்கு ஏற்றபடி மாற்றும் சிறு சுற்று இருக்கிறது. அது மின்னை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும். மலிவாகச் செய்தால் அந்த வெட்டின் இரைச்சல் வெளியே கசியும். கமராவின் பிளாஷ் மின்னேறும்போதும், நீருக்கடியில் இழுத்துச் செல்லும் ஸ்கூட்டர் மோட்டார் ஓடும்போதும் இப்படி எண் தொலைவது உண்டு என்று சாச்சா பிறகு நினைவுபடுத்திச் சொன்னார். டோர்ச்சை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான்கு விரல் தூரம் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு கணக்கு. இவ்வளவு கிட்டத்தில் சுருளின் காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்கு நேர்மாறாகக் குறையும். டோர்ச் 5 சென்ரிமீற்றரில், ட்ரான்ஸ்மிட்டர் 80 சென்ரிமீற்றரில். 16 மடங்கு கிட்ட. 16 இன் கனம் 4096. இரண்டும் ஒரே பலத்தோடு பேசினால், கணினிக்கு டோர்ச்சின் குரல் நாலாயிரம் மடங்கு பெரிதாகக் கேட்கும். காதுக்குள் தவில் அடிக்கும்போது அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடுவது கேட்குமா?

காரணம் தெரிந்ததில் சாச்சாவுக்குச் சந்தோசம். சிலிண்டரை மாற்றிக்கொண்டு உடனே இறங்க எழும்பினார். இங்கேதான் அன்றைய தகராறு.

சாச்சாவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர் என்னிடமிருந்து கொப்பியை வாங்கிக் கணக்கே போட்டுக் காட்டினார். சிலிண்டர் 11 லீற்றர், 200 பார். 50 ஐக் கையிருப்பாக விட்டால் பாவிக்க 1650 லீற்றர். சும்மா இருக்கும் ஆள் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விட்டால் 7 மீற்றரில் அது 34. ஆக 48 நிமிடம். எஞ்சினுக்குக் கயிறு கட்ட 15 நிமிடம் போதும். டோர்ச்சை வலது கையில் பிடித்தால் எண்ணும் வரும். பிறகு என்ன?

வாப்பா அதே கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினார். எஞ்சினைப் புரட்டிக் கயிறு கட்டுகிறவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. 20 ஐ 40 ஆக்கினார். 24 நிமிடம். "டோர்ச் ஒரு காரணம் எண்டு கண்டுபிடிச்சம். அது மட்டும்தான் காரணம் எண்டு கண்டுபிடிச்சமா?" என்று கேட்டார். கலங்கல் நீரில், இரண்டு கையாலும் கயிறு கட்டும்போது, டோர்ச் எந்தக் கைக்குப் போகும் என்பதையும் அவர் கேட்டார். கேஜ் இல்லாமல் இறங்க விடமாட்டேன் என்றார்.

நான் எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாப்பாவின் பக்கம் என்றிருப்பேன், ஆனால் என் காரணம் வேறு. கோடு விழுந்த பிறகு ஆபத்து இல்லை. கோடு என்பது 'எனக்குத் தெரியாது' என்று கருவி சொல்வது. ஆள் மேலே வந்துவிடுவார். கோடு விழுவதற்கு முன், பழைய 180 அசையாமல் நிற்கும் அந்த அரை நிமிடம்தான் எனக்குப் பயம். அப்போது கருவி தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டுகிறது. முள்ளுள்ள கேஜ் தொங்கினால் அந்த அரை நிமிடத்தை எட்டிப் பார்த்துக் கடந்துவிடலாம்.

கேஜ் இருப்பதோ கிண்ணியாவில். சாச்சி அதை அன்றிரவே யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் கொடுத்துவிடலாம், விடியக் கிடைக்கும். அதாவது எஞ்சின் இன்னுமோர் இரவு உப்புநீரில் கிடக்க வேண்டும். ஐயா சம்மதிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி, "ஒரு நாள் கிடந்தால் கழுவலாம், ரெண்டு நாள் கிடந்தால் பிஸ்டன் பிடிச்சிடும் எண்டு சொல்லுறாங்கள்" என்றார். அவருடைய மனைவி கொண்டுவந்த தேநீரை எல்லோரும் பேசாமல் குடித்தோம். அந்தத் தேநீரைப்போலச் சங்கடமான தேநீரை நான் குடித்ததில்லை.

மறுநாள் விடியக் கேஜ் வந்தது. சாச்சா அதைப் பூட்டி, இடுப்பில் கயிறு கட்டி, டோர்ச்சை வலது கையில் பிடித்து இறங்கினார். வாப்பா படகில் மணிக்கூட்டோடு. பதினொரு நிமிடத்தில் கயிறு இழுபட்டது. நான்கு பேர் இழுத்தார்கள். முதலில் சேறு வந்தது, பிறகு எஞ்சின்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் ஆண்டது 1153 முதல் 1186 வரை. ஊர்காவற்றுறைப் பக்கம் யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவரும் கப்பலானால் பாதிக்குப் பாதி என்று அதில் இருக்கிறது. இதை நான் சொன்னதும் சாச்சா ஈரத்தோடு எழும்பி, "ஐயா, இந்த எஞ்சின் யானையா, வணிகப் பொருளா? அதைச் சொல்லுங்க, என் பங்கைப் பார்ப்பம்" என்றார். முந்திய நாளிலிருந்து சிரிக்காத ஐயா அப்போதுதான் சிரித்தார்.

கடலிலிருந்து எடுத்த எஞ்சினைக் காற்றில் காயவிடக் கூடாது. காய்ந்தால் துரு உடனே பிடிக்கும். திறந்து கழுவும்வரை நல்ல தண்ணீருக்குள் வைத்திருக்க வேண்டும். ஒரு பரல் நல்ல தண்ணீர். அதைப் புங்குடுதீவில் எஞ்சினுக்கு ஊற்ற வேண்டும். ஐயாவின் மகளும் மருமகளும் வீட்டுக்கு வாங்கி வைத்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். நானும் ஒரு குடம் தூக்கினேன். மெக்கானிக் வரும்வரை எஞ்சின் அந்தப் பரலுக்குள் தலைகீழாக நின்றது.

நான்காம் நாள் ஐயா போன் எடுத்தார். போனில் அவருடைய குரலைவிட எஞ்சினின் சத்தம்தான் கூடக் கேட்டது.

சாச்சா கேஜைக் கழற்றாமலே கிண்ணியாவுக்குப் போனார். டோர்ச் மட்டும் வாப்பாவின் மேசையில் திறந்து கிடக்கிறது. கசியும் இரைச்சலை அடக்க, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த பெரைற் வளையம் ஒன்றை வயரில் கோர்த்துப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ரேடியோவை வைத்துக் கேட்கிறோம். இன்னும் உறுமுகிறது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.